ஷேக்ஸ்பியரின் புரவலர் யார்? டிவி காட்டும் எலிசபெத், காட்டாத ஜேம்ஸ்

கூத்துமேடை:

கொஞ்ச நாளாக ஷேக்ஸ்பியர் ஒரு பாத்திரமாக வரும் டிவி, ரேடியோ நிகழ்ச்சிகளைத் தேடித்தேடிப் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கிறேன். அவர் எழுதிய நாடகங்கள் இல்லை, அவரே ஆளாக வந்து பேசுகிற நிகழ்ச்சிகள். எதைத் திறந்தாலும் பக்கத்தில் முதலாம் எலிசபெத் ராணி இருக்கிறார். வெள்ளை முகம், சிவப்பு முடி, கழுத்தைச் சுற்றி விசிறி மாதிரி காலர். ஒன்று நாடகம் எழுதச் சொல்லி ஆணையிடுவார், இல்லை நாடகம் முடிந்ததும் எழுந்து நின்று தீர்ப்புச் சொல்வார். புலவர், புரவலர் கதைகளைக் கேட்டே வளர்ந்த நமக்கு இது சட்டென்று ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டினால் ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவுக்கு 'மன்னரின் குழு' என்று பெயர். ராணியின் குழு என்று இல்லை. அந்த மன்னர், எலிசபெத்துக்குப் பின் ஆட்சிக்கு வந்த முதலாம் ஜேம்ஸ். அவரை ஷேக்ஸ்பியரோடு சேர்த்து ஒரு டிவி நாடகத்திலும் நான் பார்த்த நினைவில்லை. ஏன் இப்படி? எலிசபெத் உண்மையிலேயே அவருக்குப் புரவலராக இருந்தாரா? பார்க்க வேண்டியவை, கேட்க வேண்டியவை எவை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிற்றலை:

நல்ல கேள்வி. எலிசபெத்–ஷேக்ஸ்பியர் ஜோடியை இருபதாம் நூற்றாண்டு மேடையில் பிரபலமாக்கியதில் பெர்னார்ட் ஷாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1910இல் 'தி டார்க் லேடி ஆஃப் த சானட்ஸ்' என்று ஒரு குறுநாடகம் எழுதினார். தேசிய நாடக அரங்கம் ஒன்று வேண்டும் என்று நடந்த இயக்கத்துக்காக எழுதியது. இரவு, வைட்ஹால் அரண்மனை. ஷேக்ஸ்பியர் தன் காதலியைச் சந்திக்க வந்து காத்திருக்கிறார். காவலாளி பேச்சுவாக்கில் ஒரு நல்ல தொடரைச் சொன்னால் உடனே குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொள்கிறார். அந்த நேரத்தில் தூக்கத்தில் நடந்தபடி ஒரு பெண் வருகிறாள். கையில் கறை போகவில்லை என்று புலம்புகிறாள். அவள்தான் ராணி. அவள் வாயிலிருந்து விழுவதையும் இவர் எழுதிக்கொள்கிறார்! கடைசியில் ராணியிடம் தேசிய அரங்கம் கட்டித்தரச் சொல்லிக் கேட்கிறார். அதற்கு இன்னும் முந்நூறு வருஷமாவது ஆகும் என்கிற மாதிரி ராணி பதில் சொல்கிறார். லண்டனில் நேஷனல் தியேட்டர் குழு தன் முதல் நாடகமான 'ஹாம்லெட்'டை மேடையேற்றியது 1963 அக்டோபரில்தான். அதற்கென்று சொந்தக் கட்டடம் திறந்தது 1976இல்.

டிவியோடு இதற்கு ஒரு சம்பந்தம் இருக்கிறது. போரினால் நின்றுபோன பிபிசி டிவி 1946 ஜூன் 7 அன்று மறுபடி தொடங்கியபோது, முதல் நாள் நிகழ்ச்சிகளில் இந்த நாடகமும் ஒன்று. போருக்குப் பிந்திய பிபிசி டிவி முதல் நாளே எலிசபெத்தையும் ஷேக்ஸ்பியரையும் ஒரே காட்சியில் நிறுத்திவிட்டது. பிறகு வந்தவர்கள் அந்தத் தடத்திலேயே போனார்கள்.

அடுத்தது 'டாக்டர் ஹூ', டாக்டர் என்பவர் கூட்டாளிகளோடு காலத்தில் பயணம் செய்கிற பிபிசி தொடர். 1965இல் வந்த 'தி சேஸ்' கதையின் முதல் பகுதியைத் தேடிப் பாருங்கள். கடந்த காலத்தில் எந்த நிகழ்வையும் திரையில் காட்டும் கருவி ஒன்று டாக்டரிடம் இருக்கிறது. அவருடைய கூட்டாளிகளில் அயன் கெட்டிஸ்பர்க்கில் பேசும் லிங்கனைக் கேட்கிறார், விக்கி பீட்டில்ஸ் குழுவைக் கேட்கிறாள், பார்பரா எலிசபெத்தின் அரசவையைக் கேட்கிறார். அங்கே ராணி, ஷேக்ஸ்பியர், தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் மூவரும். ஷேக்ஸ்பியரின் தொந்திக்கார நகைச்சுவைப் பாத்திரம் ஃபால்ஸ்டாஃப் காதலில் விழுகிற மாதிரி ஒரு நாடகம் பார்க்க ராணிக்கு ஆசை. ராணியிடமிருந்து விலகி வந்ததும் பேக்கன் ஹாம்லெட் கதையை எடுத்துச் சொல்கிறார். அது நம் பாணி இல்லை என்று தட்டிவிட்டு நகர்கிற ஷேக்ஸ்பியர், நாலடி போனதும் அந்தப் பெயரைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். மிகச் சின்னக் காட்சி, ஆனால் இந்த விஷயத்தில் டிவி பின்னால் செய்த எல்லாவற்றுக்கும் விதை அதில் இருக்கிறது.

வெண்திரை:

'டாக்டர் ஹூ'வில் 2007இல் வந்த 'தி ஷேக்ஸ்பியர் கோட்' பகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டீன் லெனாக்ஸ் கெல்லி ஷேக்ஸ்பியராக வருகிறார், ஒரு பாடகர் மேடையில் கூட்டத்தைக் கட்டிப்போடுகிற தோரணை. கடைசியில் ராணி நேராக குளோப் அரங்குக்குள்ளேயே வந்துவிடுகிறார், டாக்டரைப் பார்த்ததும் தலையை வெட்டச் சொல்கிறார். ஏஞ்சலா பிளெசன்ஸ் நடித்தது. ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகத்தான் வருவார், ஆனால் மறக்காது.

பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர் 'பிளாக்ஆடர்' வரிசையில் வந்த 'பிளாக்ஆடர்: பேக் அண்ட் ஃபோர்த்'தில் காலின் ஃபர்த் ஷேக்ஸ்பியர். பிளாக்ஆடர் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த நானூறு வருஷத்துப் பள்ளிப் பிள்ளைகள் சார்பில் ஓங்கி ஒரு குத்து விடுவார். அதிலும் மிராண்டா ரிச்சர்ட்சன்தான் எலிசபெத். 1986இல் வந்த 'பிளாக்ஆடர் II' தொடரில் அவர் செய்த ராணியைப் பார்த்த பிறகு வேறு யார் அந்த வேஷம் போட்டாலும் எனக்கு ஒரு மாற்றுக் கம்மிதான். குழந்தை மாதிரி அடம், அடுத்த நொடியே கழுத்தை வெட்டும் ஆணை. பயம் என்றால் அது பயம்.

தேம்ஸ்கரை:

கூத்துமேடை கேட்டதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலிசபெத் ஷேக்ஸ்பியருக்கு நேரடிப் புரவலர் இல்லை. 1583இல் உருவான 'ராணியின் குழு' என்பது வேறு ஒரு குழு. 1594இலிருந்து ஷேக்ஸ்பியர் இருந்தது லார்ட் சேம்பர்லின் குழுவில். அதன் புரவலர் ஹென்றி கேரி, ஹன்ஸ்டன் பிரபு, ராணியின் நெருங்கிய உறவினர். அந்தக் காலத்தில் நடிகர்கள் ஒரு பிரபுவின் சேவகர்கள் என்ற பட்டத்தில் இல்லாவிட்டால் நாடோடிகள் என்று பிடித்துப் போய்விடுவார்கள், சட்டமே அப்படி. அந்தப் பட்டம் கொடுத்தவர் கேரி. ராணிக்கு நாடகம் பார்க்க ஆசை வந்தால் குழு அரண்மனைக்குப் போகும், ஆடும், கூலி வாங்கும், திரும்பும். ராணி பொது அரங்குக்கு வந்ததாக ஒரு பதிவும் இல்லை. அதனால் ராணி குளோப்புக்குள் நுழைகிற காட்சி எதில் வந்தாலும் அது கற்பனைதான்.

ஷேக்ஸ்பியரையும் எலிசபெத்தின் அரசவையையும் பெயர் சொல்லி இணைக்கிற ஆவணம் என்றால் அரண்மனைக் கணக்கில் 1595 மார்ச் 15ஆம் தேதியிட்ட பதிவு. வில்லியம் கெம்ப், வில்லியம் ஷேக்ஸ்பியர், ரிச்சர்ட் பர்பேஜ் மூவர் பேரிலும், முந்தைய கிறிஸ்துமஸ் சமயத்தில் கிரீன்விச் அரண்மனையில் ஆடிய இரண்டு நாடகங்களுக்கு 20 பவுண்டு. அவ்வளவுதான், ஒரு கணக்கு வரி. ராணி சிரித்தாரா, கொட்டாவி விட்டாரா, அவரை அருகில் அழைத்துப் பேசினாரா, ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஒரு வரியின் மேல்தான் நூறு வருஷமாக நாடகம், ரேடியோ, டிவி எல்லாம் கட்டி எழுப்பியிருக்கிறார்கள்.

இன்னொன்று. 1603 மார்ச் 24 அன்று ராணி இறந்தார். கவிஞர்கள் வரிசைகட்டி இரங்கற்பா எழுதினார்கள். ஷேக்ஸ்பியர் எழுதியதாக ஒன்றுமே இல்லை. ஹென்றி செட்டில் என்ற எழுத்தாளர் அந்த வருஷமே, இவரை ஒரு புனைபெயரால் சுட்டி, உன் எழுத்தை ஏற்று மகிழ்ந்த ராணிக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விட மாட்டாயா என்ற பொருளில் கடிந்து எழுதினார். எந்த டிவி நாடகம் இந்த மௌனத்தைக் காட்டியிருக்கிறது?

ஜேம்ஸ் கதை நேர்மாறு. லண்டனுக்கு வந்து இரண்டு வாரத்துக்குள்ளேயே, 1603 மே 19 தேதியிட்ட அரச ஆணை. குழு இனி மன்னரின் குழு. ஆணையில் முதல் பெயர் லாரன்ஸ் ஃபிளெச்சர், இரண்டாவது பெயர் ஷேக்ஸ்பியர். கொள்ளைநோயால் லண்டன் அரங்குகள் மூடிக்கிடந்தபோது, 1604 பிப்ரவரியில் குழு பிழைக்க மன்னர் 30 பவுண்டு கொடையாகக் கொடுத்தார். அந்த மார்ச் மாதம் மன்னர் லண்டனுக்குள் வந்த அரச ஊர்வலத்துக்காக ஷேக்ஸ்பியருக்கும் மற்றவர்களுக்கும் ஆளுக்கு நாலரை கெஜம் சிவப்புத் துணி. புரவலர் என்ற சொல்லுக்குப் பொருத்தமான ஆள் இவர்தான்.

வெண்திரை:

தேம்ஸ்கரை ஐயா, கணக்குப் புத்தகத்தை வைத்து நாடகம் எடுக்க முடியுமா? எலிசபெத்தும் ஷேக்ஸ்பியரும் சந்தித்ததற்கு ஆதாரம் இல்லை என்பதுதான் எழுத்தாளருக்குக் கிடைத்த வரம். யாரும் வந்து இது தப்பு என்று சொல்ல முடியாது. ஜூடி டெஞ்ச் 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' படத்தில் எட்டு நிமிஷம் போல வந்துபோனதற்கு ஆஸ்கர் வாங்கினார். கல்யாணமாகாத ஒரு பெண், ஆண்கள் மட்டுமே நிறைந்த அவை, யார் வாரிசு என்று கேட்கவே பயப்படுகிற நாடு. நடிகைக்கு இதைவிட என்ன வேண்டும்? 1971இல் பிபிசி எடுத்த 'எலிசபெத் ஆர்' தொடருக்காக கிளெண்டா ஜாக்சன் தன் முன்தலை முடியைச் சிரைத்துக்கொண்டார். ஆறு பகுதிகளில் ஒரு இளவரசி கிழவியாகிறதை முகத்திலேயே காட்டிவிட்டார். அந்தத் தொடர் ஷேக்ஸ்பியரைப் பற்றியதே இல்லை, ஆனாலும் இந்த இழையில் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

ஃபால்ஸ்டாஃப் விஷயம் மட்டுமாவது உண்மைதானே? 'தி மெர்ரி வைவ்ஸ் ஆஃப் வின்ட்சர்' ராணி கேட்டு எழுதியது என்று எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருந்தது.

தேம்ஸ்கரை:

அந்தக் கதை முதலில் அச்சில் வருவது 1702இல், ராணி இறந்து கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து. ஜான் டென்னிஸ் என்பவர் அந்த நாடகத்தைத் திருத்தி எழுதி வெளியிட்டபோது, ராணி ஆணையிட்டார், 14 நாளில் எழுதி முடிக்கச் சொன்னார் என்று முன்னுரையில் எழுதினார். தன் புத்தகத்துக்கு மதிப்புக் கூட்ட அவருக்குக் காரணம் இருந்தது. 1709இல் நிக்கோலஸ் ரோ ஷேக்ஸ்பியர் வாழ்க்கை வரலாறு எழுதும்போது, ஃபால்ஸ்டாஃபைக் காதலனாகக் காட்டச் சொன்னார் ராணி என்று இன்னும் கொஞ்சம் சேர்த்தார். 'தி சேஸ்' காட்சியில் ராணி பேசுவது அப்படியே ரோவின் கதை. பாரம்பரியம் என்று சொல்லலாம். சாட்சி என்று சொல்ல மாட்டேன்.

நாடகம் எடுக்கக் கணக்குப் புத்தகம் போதாது என்கிறீர்கள். சரி, எலிசபெத்தையே எடுத்துக்கொள்வோம். ஆவணத்திலேயே ரத்தமும் சதையுமாக ஒரு கதை இருக்கிறதே! 1601 பிப்ரவரி 7, சனிக்கிழமை. ராணியின் தயவை இழந்திருந்த எஸ்ஸெக்ஸ் பிரபுவின் ஆட்கள் வழக்கமான கூலிக்கு மேல் 40 ஷில்லிங் கொடுத்து 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தை குளோப்பில் போடச் சொல்கிறார்கள். ஒரு மன்னனைச் சிம்மாசனத்திலிருந்து இறக்குகிற கதை. எலிசபெத் உயிரோடிருந்த காலத்தில் அச்சான பிரதிகளில் அந்த முடிதுறக்கும் காட்சியே கிடையாது, 1608இல்தான் அச்சில் வந்தது. மறுநாள் ஞாயிறு, எஸ்ஸெக்ஸ் ஆட்களைத் திரட்டிக்கொண்டு லண்டன் தெருவில் இறங்குகிறார், ஊர் அவர் பின்னால் வரவில்லை, அன்று இரவே பிடிபடுகிறார். விசாரணைக்கு நாடகக் குழுவிலிருந்து அகஸ்டின் ஃபிலிப்ஸ் போகிறார். அது பழைய நாடகம், கூட்டமே வராது என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம், கூடுதல் பணம் தருவதாகச் சொன்னதால் போட்டோம் என்று வாக்குமூலம் கொடுக்கிறார். குழுவுக்குத் தண்டனை இல்லை. பிப்ரவரி 24 இரவு அதே குழு அரண்மனையில் ராணிக்கு முன்னால் ஒரு நாடகம் ஆடுகிறது. பிப்ரவரி 25 காலையில் எஸ்ஸெக்ஸின் தலை விழுகிறது. அந்த 24ஆம் தேதி இரவு மேடையில் நின்ற நடிகர்களுக்கு நாக்கு எப்படிப் புரண்டிருக்கும்? அதை எடுங்கள், நான் ராணியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

சிற்றலை:

அதை ஓரளவு எடுத்திருக்கிறார்கள் ஐயா. 1978இல் ஏடிவி தயாரித்த 'வில் ஷேக்ஸ்பியர்', ஜான் மார்ட்டிமர் எழுதியது, ஆறு பகுதி. டிம் கரி ஷேக்ஸ்பியர், இயன் மெக்ஷேன் சக நாடகாசிரியர் மார்லோ. எஸ்ஸெக்ஸ் கலகத்துக்கு ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். மார்ட்டிமர் தொழிலால் வழக்கறிஞர், அதனாலோ என்னவோ அதிகாரத்துக்கு முன்னால் ஒரு சாதாரண ஆள் நின்று பதில் சொல்கிற காட்சிகள் அவர் எழுத்தில் நன்றாக வரும். டிம் கரியைப் பிற்பாடு வந்த வேஷங்களை வைத்து எடைபோடாமல் பாருங்கள்: கண்ணில் எப்போதும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும், எதைக் கேட்டாலும் இது எந்த நாடகத்துக்கு ஆகும் என்கிற மாதிரி.

ரேடியோவுக்கு வருகிறேன், இந்த இழையில் அது பின்தங்கிவிட்டது. பிபிசி முழு நீள ஷேக்ஸ்பியர் நாடகத்தை முதன்முதலில் ஒலிபரப்பியது 1923 மே 28, 'ட்வெல்ஃப்த் நைட்'. அன்றிலிருந்து அவர் நாடகங்கள் ரேடியோவில் கொட்டிக்கிடக்கின்றன. ஆனால் அவருடைய காலத்தையே காதுக்குக் கொண்டுவந்தது என்றால் 2012இல் ரேடியோ 4இல் நீல் மெக்ரிகர் தந்த 'ஷேக்ஸ்பியர்ஸ் ரெஸ்ட்லெஸ் வேர்ல்ட்'. 20 பகுதி, ஒவ்வொன்றும் கால் மணி நேரம், ஒவ்வொன்றிலும் ஒரு பொருள். ரோஸ் அரங்கத்தைத் தோண்டியபோது கிடைத்த முள்கரண்டியை வைத்து, அன்று நாடகம் பார்க்க வந்தவர்கள் என்ன தின்றார்கள் என்று தொடங்கி எங்கெங்கோ கூட்டிப்போவார். இன்னொரு பகுதியில் ஒரு கப்பல் பொம்மை. சூனியக்காரிகள் புயலைக் கிளப்பித் தன்னைக் கடலில் மூழ்கடிக்கப் பார்த்தார்கள் என்று ஜேம்ஸ் மெய்யாகவே நம்பினார். அந்தப் பகுதியைக் கேட்டுவிட்டு 'மேக்பெத்' தொடக்கத்தைப் படியுங்கள். மன்னரின் பயத்தைத் தெரிந்துகொண்ட ஒருவர், மன்னரின் சம்பளத்தில் இருந்துகொண்டு எழுதியது என்பது உறைக்கும். காலரும் பவுடரும் இல்லாமல் இது ரேடியோவில்தான் இவ்வளவு நெருக்கமாக வரும் என்பது என் கட்சி.

கூத்துமேடை:

அப்படியானால் ஜேம்ஸை டிவி தொடவே இல்லையா?

தேம்ஸ்கரை:

தொட்டிருக்கிறது, ஷேக்ஸ்பியர் இல்லாமல். 2004இல் 'கன்பவுடர், ட்ரீசன் அண்ட் பிளாட்'டில் ராபர்ட் கார்லைல், 2018இல் 'டாக்டர் ஹூ'வின் 'தி விட்ச்ஃபைண்டர்ஸ்' பகுதியில் ஆலன் கம்மிங், 2024இல் 'மேரி அண்ட் ஜார்ஜ்' தொடரில் டோனி கரன். வெடிமருந்துச் சதி, சூனியக்காரி வேட்டை, ஆண் காதலர்கள், இவை மூன்றும்தான் டிவிக்குத் தெரிந்த ஜேம்ஸ். அரசவையில் நாடகம் பார்த்த ஜேம்ஸ் இல்லை. 1604 நவம்பரிலிருந்து மறுவருஷம் பிப்ரவரி வரைக்குமான அரசவைப் பட்டியலைப் பாருங்கள்: 'ஒதெல்லோ', 'மெஷர் ஃபார் மெஷர்', 'காமெடி ஆஃப் எரர்ஸ்', 'ஐந்தாம் ஹென்றி'. 'வெனிஸ் வணிக'னைப் பிப்ரவரி 10 அன்று பார்த்துவிட்டு, மன்னர் மறுபடி போடச் சொல்லி 12ஆம் தேதி திரும்ப ஆடியிருக்கிறார்கள். எலிசபெத் ஒரு நாடகம் கேட்டார் என்ற வதந்தியை வைத்து இத்தனை காட்சி எடுத்தவர்கள், ஜேம்ஸ் ஒரு நாடகத்தை இரண்டாம் முறை கேட்டார் என்று எழுத்தில் இருக்கிறதை ஏன் எடுக்கவில்லை?

ஆவணப்படத்தில் ஒருவர் செய்தார். ஷேக்ஸ்பியர் ஆய்வாளர் ஜேம்ஸ் ஷாபிரோ, 2012இல் பிபிசி ஃபோருக்காக, 'தி கிங் அண்ட் த பிளேரைட்', மூன்று பகுதி. ஷேக்ஸ்பியர் என்றாலே எலிசபெத் காலம் என்று நினைக்கிறோம், அவருடைய கடைசிப் பத்து வருஷ எழுத்து முழுக்க ஜேம்ஸ் காலம் என்பதிலிருந்து தொடங்குவார். 'கிங் லியர்', 'மேக்பெத்', 'ஆன்டனி அண்ட் கிளியோபாட்ரா', 'டெம்பெஸ்ட்' எல்லாம் அந்த ஆட்சியில் எழுதியவை. நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்துகிற மாதிரி இருக்காது, பார்க்கலாம்.

வெண்திரை:

இதில் ஒரு பிரச்சினை இருக்கிறது ஐயா. இளமையும் காதலும் வறுமையும் உள்ள ஷேக்ஸ்பியரைத்தான் தயாரிப்பாளர்கள் விரும்புகிறார்கள். 2017இல் வந்த 'வில்' தொடரைப் பாருங்கள், பங்க் பாட்டு, தோல் சட்டை, லண்டனுக்குப் புதிதாக வந்த பையன். ஜேம்ஸ் வரும்போது ஷேக்ஸ்பியருக்கு 39 வயது. ஊரில் பெரிய வீடு, அரங்கில் பங்கு, குலச்சின்னம் எல்லாம் வாங்கிவிட்டார். வசதியான நடுத்தர வயது ஆளைப் பற்றி ஆறு பகுதி எடுக்க யார் பணம் போடுவார்கள்? 2016இல் தொடங்கிய 'அப்ஸ்டார்ட் க்ரோ' மட்டும்தான் குடும்பஸ்தன் ஷேக்ஸ்பியரைக் காட்டியது. டேவிட் மிட்செல் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கும் லண்டனுக்கும் அலைந்துகொண்டு, வண்டிப் பயணத்தைத் திட்டிக்கொண்டே வருவார். அதிலும் கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதிக்கு ராணி வேண்டும் என்று எம்மா தாம்ப்சனைக் கூட்டிவந்தார்கள், பாருங்கள்.

தேம்ஸ்கரை:

வசதியான ஆள் என்பதால் கதை இல்லை என்று சொல்லாதீர்கள். 1604 ஆகஸ்டில் ஸ்பெயினோடு சமாதானம் பேச அந்நாட்டுத் தூதர் சாமர்செட் மாளிகையில் தங்கினார். மன்னரின் குழு நடிகர்கள் பன்னிரண்டு பேர், அரண்மனைப் பணியாளர்கள் என்ற முறையில், 18 நாள் அங்கே ஏவலுக்கு நின்றார்கள். மொத்தக் கூலி 21 பவுண்டு 12 ஷில்லிங். கணக்கில் இரண்டு பெயர்தான் எழுதியிருக்கிறது, மற்ற பத்துப் பேரில் ஷேக்ஸ்பியரும் இருந்திருப்பார் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். 'ஹாம்லெட்' எழுதி முடித்த கை அது. ஸ்பானியப் பிரபுக்களுக்கு முன்னால் சீருடையில் வாய்மூடி நிற்கிறது. புரவலர் கொடுக்கிற சிவப்புத் துணிக்கு என்ன விலை என்பது இதில் தெரிகிறது.

அப்புறம் 1606 டிசம்பர் 26, வைட்ஹால், 'கிங் லியர்'. ஜேம்ஸுக்கு இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் ஒரே நாடாக்க வேண்டும் என்ற வெறி, நாடாளுமன்றம் இழுத்தடிக்கிறது. அவருக்கு முன்னால் மேடையில் ஒரு கிழ மன்னன் வரைபடத்தை விரித்து நாட்டைப் பங்குபோட்டு, அதனால் அழிந்துபோகிறான். அவ்வளவு தூரம் மன்னருக்கு ஏற்ற செய்தி மாதிரித் தெரியும். ஆனால் அதே நாடகத்தில்தான் அதிகாரத்தில் இருக்கிற நாய்க்கும் ஊர் பணியும் என்று அந்தக் கிழவன் மன்னர் காதுபடச் சொல்கிறான், ஏழைகளை இத்தனை நாள் கவனிக்காமல் விட்டேனே என்று மழையில் நின்று கதறுகிறான். கிறிஸ்துமஸ் விருந்துக்கு மறுநாள், புரவலர் முகத்துக்கு நேரே! ஷேக்ஸ்பியருக்கும் அவருடைய அரசருக்கும் நடுவில் என்ன இருந்தது என்று கேட்டால் நான் இந்த மாலையைத்தான் காட்டுவேன்.

சிற்றலை:

இதை ரேடியோ நாடகமாக யோசித்துப் பாருங்கள். மேடையில் லியர் பேசுவது தூரத்தில் கேட்க வேண்டும், பக்கத்தில் மன்னரின் ஸ்காட்டிஷ் உச்சரிப்பு, கோப்பை வைக்கிற சத்தம், பின்னால் திரைக்கு அந்தப்பக்கம் நடிகர்கள் உடை மாற்றுகிற அவசரம். ஆளே தேவையில்லை, ஐந்து குரல் போதும்.

கூத்துமேடை:

எல்லோருக்கும் நன்றி. முதலில் ஷாபிரோவின் மூன்று பகுதி, பிறகு மார்ட்டிமரின் தொடரில் கலகப் பகுதி, அதன் பிறகு மெக்ரிகரின் கப்பல் பொம்மை என்று வரிசை போட்டுவிட்டேன். 'தி சேஸ்' காட்சியை இப்போதே பார்த்தாயிற்று. ராணி பேசும்போது அந்த ஷேக்ஸ்பியர் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நிற்கிற விதம் எனக்குப் பிடித்திருந்தது, கண்டிக்கப்பட்ட குமாஸ்தா மாதிரி. தேம்ஸ்கரை ஐயா, அகஸ்டின் ஃபிலிப்ஸின் வாக்குமூலம் முழுதாக எங்கே படிக்கக் கிடைக்கும் என்று சொன்னால் அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.